சோதனையும் சிற்றின்பமும்
தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் இரு சொற்களின் வழக்கு

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் காப்பிய நலத்தையும், மேனாட்டறிஞர் தமிழுக்கு ஆற்றிய தொண்டையும் எடுத்துரைத்து அமைகின்றனர். அவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயின், அவ்விலக்கியத்தைப் பாடியோரும் கேட்டோரும் நாள்தோறும் எதிர்ப்பட்ட வினா ஒன்று உண்டு. உண்டலும் உடுத்தலும், பாடலும் பூச்சூடலும், மணவிழாவில் மகிழ்தலும், நண்பரொடு நகையாடலும் ஆகிய எளிய இன்பங்களுள் எவை நம்பிக்கை வாழ்வுக்கு இயைந்தவை, எவை அதனைக் கெடுப்பவை என்பதே அவ்வினா. துறவிக்கு இது பெரிதன்று. அவன் எல்லாவற்றையும் ஒருங்கே விட்டவன். இல்லறத்தில் நின்று, அலுவல் பார்த்து, சுற்றத்தோடு வாழ்பவனுக்கோ அது நாள்தோறும் புதிதாக எழுவது. விடை தேடிய தமிழ்க் கிறித்தவர் இரண்டு சொற்களைக் கருவியாகக் கொண்டனர். ஒன்று சோதனை, மற்றொன்று சிற்றின்பம். இவ்விரண்டும் தத்தம் பழம்பொருளையும் உடன்கொண்டே புதிய சமயத்துள் புகுந்தன. அதனால் விளைந்த தெளிவையும் மயக்கத்தையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சோதனை என்பது வடசொல். தூய்மை செய்தல் என்னும் பொருளுடைய அடியினின்று பிறந்தது. பொன்னை உருக்கி மாசு நீக்குதலும், அதன் மாற்றை அறிதலும் அச்சொல்லுக்கு உரிய களங்கள். சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதும், மருத்துவர் குருதியை ஆய்வதும் இன்றும் சோதனையே. துன்பம் அடுத்தடுத்து வரின், ‘இது நமக்குச் சோதனைக் காலம்’ என்று கூறும் உலகவழக்கும் உண்டு. இவ்வழக்குகள் எவற்றிலும் தீமைக்கு இழுத்தல் என்னும் கருத்து இல்லை. சோதிப்பவன் உண்மையை அறிய விரும்புகின்றானேயன்றிச் சோதிக்கப்படும் பொருளைக் கெடுக்க விரும்புகின்றானல்லன்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘பெய்ராசுமோசு’ என்னும் ஒரு சொல்லே இருபொருள் பயந்து நிற்கின்றது. உரைத்துப் பார்த்தலும் அச்சொல்லே. தீமைக்குத் தூண்டுதலும் அச்சொல்லே. தமிழில் மொழிபெயர்த்தோர் இரண்டிடத்தும் சோதனை என்றே அமைத்தனர். தெலுங்கிலும் இச்சொல்லே ஆளப்பட, மலையாளத்தார் பரீட்சை என்னும் சொல்லைக் கொண்டனர். இதனால் தமிழ் விவிலியத்தைக் கற்பவனுக்கு ஓர் இடர் எழுகின்றது. தொடக்கநூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமைக் கடவுள் சோதிக்கின்றார். யாக்கோபின் திருமுகம் முதல் அதிகாரத்திலோ கடவுள் எவரையும் சோதிப்பவரல்லர் என்னும் கருத்து வருகின்றது. முன்னதில் மாற்றறிதல், பின்னதில் தீமைக்கு இழுத்தல் எனப் பொருள் வேறுபடுத்திக் கொண்டாலன்றி முரண் நீங்காது. பாளைபோன்ற இச்சொல்லைத் திறந்து பார்த்து உரைக்கும் விரிவுரை கேளாத எளிய விசுவாசி, தனக்கு நேர்ந்த கவர்ச்சி கடவுள் விட்டதோ அலகை விட்டதோ என்று திகைப்பது இயல்பேயாம்.

இவ்விடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இயேசு கற்பித்த இறைவேண்டலில் இச்சொல் வரும் தொடரைப் பற்றிப் போப்பாண்டவர் பிரான்சிசு 2017-இல் வெளிப்படையாகக் கருத்துரைத்தார். மக்களைத் தீமையின்பால் இட்டுச் செல்பவர் கடவுள் என்று பொருள்படுமாறு மொழிபெயர்ப்பது பொருந்தாது என்பது அவர் கருத்து. பிரெஞ்சு வழிபாட்டில் அவ்வாண்டே புதிய தொடர் நடைமுறைக்கு வந்தது. இத்தாலிய வழிபாட்டு நூல் 2020-இல் திருத்தம் பெற்றது. ஆயின், தமிழ்க் கத்தோலிக்கர் வழிவழியாக ஓதிவந்த வேண்டல், சோதனையில் விழாதவாறு காக்குமாறே இறைஞ்சுகின்றது. சோதனைக்கு உட்படுத்தாதிருக்க வேண்டுவது சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய தமிழ்ப் பாடம். ஒரே மொழியில் இருவேறு கருத்துகள் ஒருங்கு வாழ்ந்து வந்துள்ளன. முன்னதன்படி சோதனை என்பது நாம் நடக்கும் வழியிலேயே உள்ள பள்ளம். பின்னதன்படி நாம் செல்லாதிருக்க வேண்டிய இடம். அன்றாட இன்பங்களை நோக்கும் நோக்கு இவ்விரண்டில் எதனைக் கொள்கின்றோம் என்பதைப் பொறுத்தே பெரிதும் மாறும். வழியிலுள்ள பள்ளத்துக்கு அஞ்சி எவரும் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை; பார்த்து நடப்பர். புகத்தகாத இடம் என்று கருதினாலோ, சந்தையும் கூத்தும் விருந்தும் ஒருங்கே விலக்கப்படும்.

இனி, சிற்றின்பம் என்னும் சொல்லை நோக்குவோம். இன்று இச்சொல்லைக் கேட்ட அளவில் உடலின்பம், அதிலும் ஆண்பெண் கூட்டத்தால் வரும் இன்பமே நினைவுக்கு வருகின்றது. பேரின்பம் என்பது வீடுபேறு. அதற்கு மறுதலை சிற்றின்பம் எனப் பக்தி நெறியாரும் சாத்திர நூலாரும் வகுத்த பாகுபாடே இதற்குக் காரணம். ஆயின், திருக்குறளில் இச்சொல் வரும் இடம் துறவு பற்றியதோ காமம் பற்றியதோ அன்று. அது வெஃகாமை அதிகாரத்தில் வருகின்றது. பிறன் பொருளை விரும்பிக் கவர்வதால் கிட்டும் இன்பத்தையே வள்ளுவர் ஆண்டுச் சிற்றின்பம் என்றார். அதன் பொருட்டு அறமல்லாதவற்றைச் செய்தலையே கடிந்தார். அவ்வின்பத்தின் சிறுமை அஃது உடலால் நுகரப்படுவதால் வந்ததன்று. பிறனுக்கு உரியதைப் பறித்துப் பெறப்படுவதால் வந்தது. இவ்வேறுபாட்டை யாம் வற்புறுத்துவதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

கிறித்தவ நூலார் வள்ளுவர் கொண்ட பொருளை விடுத்து, பின்னையோர் கொண்ட பொருளையே தழுவினர். அஃது அவர்களுக்கு எளிதாகவும் இருந்தது. மேலைத் திருச்சபையில் உலகம், பசாசு, சரீரம் என முப்பகை கூறும் மரபு இருந்தது. சரீரம் பகையெனின், சரீரத்தால் வரும் இன்பம் பகைவன் தரும் விருந்தன்றோ? சைவ வைணவச் சாத்திரங்களின் சிற்றின்பக் கண்டனமும் மேலை மரபின் உடற்கண்டனமும் இங்ஙனம் ஒரு சொல்லில் கலந்தன. நற்செய்தி நூல்களோ வேறுவகையாகப் பேசுகின்றன. கானாவூர் மணவீட்டில் திராட்சை மது குறைந்தபோது இயேசு பெருமான் நீரை மதுவாக்கினார். உண்பதிலும் குடிப்பதிலும் விருப்புடையவர் என்று பகைவர் அவரைத் தூற்றிய செய்தியும் மத்தேயு நற்செய்தியில் உண்டு. பாலைநிலத்தில் அலகை அவரை முதலில் சோதித்தது அப்பத்தைக் காட்டியே. ஆயின், பின்னொரு நாள் பசித்த மக்கட்கு அவரே அப்பம் பகிர்ந்தளித்தார். ஆதலின் அப்பம் தீதன்று. பாலையில் அது யார் சொற்கேட்டு, எதற்காக உண்டாக்கப்பட இருந்தது என்பதே வினா.

இரண்டு நோக்குகளும் ஒருவரிடத்தே மோதி நின்றமைக்கு வீரமாமுனிவர் (1680–1747) தக்க சான்று. திருக்குறளை இலத்தீனில் பெயர்த்த அவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்து, மூன்றாம் பாலை விடுத்தார். துறவியாகிய அவருக்கு இன்பத்துப்பால் எடுத்துரைக்கத் தக்கதாகத் தோன்றவில்லை போலும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1886-இல் குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும், மூன்றாம் பாலைப் படிக்கத் தாம் நெடுங்காலம் தயங்கியிருந்ததைத் தம் முன்னுரையில் ஒப்புக்கொள்கின்றார்; படித்தபின் அவ்வையம் நீங்கியதையும் கூறுகின்றார். ஆயின், அதே வீரமாமுனிவர் தேம்பாவணி பாடப் புகுந்தபோது, தமிழ்க் காப்பிய மரபு அவரை விடவில்லை. நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடாமல் காப்பியம் இல்லை. எனவே யூதேய நாட்டில் தமிழகத்து நீர்வளமும் வயல்வளமும் செழிக்கின்றன. மேலும், அவர் தேர்ந்த தலைவன் அரசனல்லன், துறவியுமல்லன், தச்சுத்தொழில் செய்து குடும்பம் காத்த சூசையப்பர். அந்நூலில் ஒரு படலத்துக்கு ஈரறம் பொருத்து படலம் என்று பெயர். இல்லறத்தையும் துறவறத்தையும் ஒருவாழ்வில் பொருத்திக் காட்டும் முயற்சி அது. அம்முயற்சி முற்றும் வென்றது என்று யாம் கருதவில்லை. மணந்தும் கன்னிமை காக்கும் வாழ்வு பொதுமக்கட்கு உரிய இல்லறமாகாது. ஆயினும் இவ்வினாவை ஒரு படலத்தின் பெயராகவே நிறுவிய பெருமை முனிவருக்கு உரியது.

ஆங்கில நாட்டுச் சான் பனியன் வரலாறு இதனினும் கடுமையானது. இளமையில் தாம் விரும்பிய கோயில் மணியடித்தலையும் ஆடலையும் பாவமென அஞ்சி விட்டொழித்ததை 1666-இல் வெளியான தம் தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். 1678-இல் வெளியான அவருடைய மோட்சப் பயண நூலில் மாயச் சந்தை ஒன்று வருகின்றது. ஆண்டு விற்கப்படும் பொருள்களின் வரிசையில் பட்டமும் பதவியும் மட்டுமல்லாமல் மனைவி, கணவன், மக்கள் என்பனவும் உள. இவை தம்மளவில் தீயனவல்ல என்பதைப் பனியனும் அறிவார். அவற்றை விலைப்பொருளாக்கும் சந்தையே அவர் கண்டிப்பது. இந்நூலைத் தழுவி எச். ஏ. கிருட்டிண பிள்ளை (1827–1900) இரட்சணிய யாத்திரிகத்தை 1894-இல் வெளியிட்டார். மணியடித்தலையும் விட்டொழித்த ஒருவரின் கதை, கம்பனில் தோய்ந்த புலவர் கையில் விருத்தமும் வருணனையும் தேவாரப் பண்ணமைதியும் பெற்றது ஒரு வியப்பே. செவியின்பம் தீதென்று அப்புலவர் ஒருநாளும் கருதியிரார்.

அலுவல் வாழ்வில் எதிர்ப்படும் சோதனைக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையினும் (1826–1889) சிறந்த எடுத்துக்காட்டை யாம் அறியோம். முன்சீபுப் பதவியில் இருந்தவர்க்குப் பாலைநிலம் செல்ல வேண்டுவதில்லை. வழக்காளியின் கைமுடிச்சே போதிய சோதனை. 1859-இல் வெளிவந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைச் சாடும் பகுதி கற்பனையாகப் பாடப்பட்டதன்று. தாம் நாள்தோறும் கண்ட நீதிமன்றத்தை நோக்கிப் பாடியது. அவரே 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். பக்கந்தோறும் நகைச்சுவை ததும்பும் அந்நூலை ஒரு கத்தோலிக்கர் எழுதியது குறித்து எவரும் வியந்ததாகத் தெரியவில்லை. வியக்கத்தக்கது என்றே யாம் கருதுகின்றோம். லஞ்சத்தில் இவ்வளவு கடுமையும் சிரிப்பில் இவ்வளவு தாராளமும் ஒருவரிடத்தே அமைவது அரிது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தோர்க்கு ஈந்ததை நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருட்டிண பாரதியார் கீர்த்தனையாகவே பாடிப் போற்றினார். இவர் இன்பத்தை அஞ்சியவரல்லர். பிறன் வயிற்றில் அடித்துப் பெறும் இன்பத்தை அஞ்சியவர்.

காலமுறைப்படி முன்னர் வரவேண்டிய தஞ்சை வேதநாயக சாத்திரியாரை (1774–1864) யாம் இறுதியில் வைத்தமைக்குக் காரணம், இவ்வினாவின் கூரிய முனை அவர் வாழ்வில்தான் வெளிப்படுகின்றது என்பதே. மாயூரத்தாரோடு இவரைப் பெயரொற்றுமையால் மயங்கலாகாது. திருநெல்வேலியில் பிறந்த இவர், சுவார்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பெற்று, பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோசியோடு இளமையில் ஒருங்கு பயின்றவர். சுவிசேடக் கவிராயர் எனப் போற்றப்பட்டவர். பெத்தலகேம் குறவஞ்சி 1800-இல் இயற்றப்பட்டதாகக் கூறுவர்.

குறவஞ்சி என்னும் இலக்கிய வகை எத்தகையது என்பதை ஆராய்ச்சி மாணவர் அறிவர். தலைவன் உலா வருதலும், தலைவி கண்டு காமுறுதலும், நிலவையும் தென்றலையும் பழித்தலும், குறத்தி குறிசொல்லிப் பரிசு பெறுதலும், சிங்கன் வலைகட்டிப் பறவை பிடித்துப் பின் சிங்கியைத் தேடி வந்து ஊடலோடு கூடிப் பேசுதலும் அதன் உறுப்புகள். சிற்றின்பம் என்று கண்டிக்கத்தக்க எல்லாம் இவ்வகையில் ஒருசேர உள்ளன எனலாம். இதனையே சாத்திரியார் தேர்ந்தார். உலா வருபவர் பெத்தலகேமில் பிறந்த பெருமான். காதலுறும் தேவமோகினி திருச்சபை. குறி சொல்பவள் நம்பிக்கை நெறியை உரைப்பவள். வலைவீசுதல் மக்களை நற்செய்தியின்பால் ஈர்த்தல். உன்னதப்பாட்டைத் திருச்சபையின் காதலாகக் கொண்டு உரைத்த பழைய விவிலிய உரைமரபு இதற்குத் துணைநின்றது. கோவையாரைப் பேரின்பப் பொருள்படக் கொண்ட தமிழ் மரபும் பின்னின்றது. இன்பத்தை வெட்டியெறியாமல் வழிமாற்றிக் கொள்ளும் முறை இது. அரசவை ஆதரவு என்னும் சோதனையையும் சாத்திரியார் எதிர்ப்பட்டார். தஞ்சைப் பெருவுடையார் மீது பாடுமாறு மன்னர் வேண்டியபோது அவர் மறுத்துத் தம் கடவுளையே பாடினார் என்பது செவிவழிச் செய்தி. ஆதரவு நின்றுவிடவில்லை என்பது மன்னரின் பெருந்தன்மையையும் காட்டும்.

சுவார்சு 1798-இல் மறைந்தார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த புதிய குருமார்க்கும் தஞ்சைப் பழஞ்சபையார்க்கும் இடையே பெரும்பூசல் மூண்டது. 1829-ஐ ஒட்டி, சாதியைத் திருத்தும் முயற்சியைப் பித்தென்று சாடிச் சாத்திரியார் எழுதினார். புதிய குருமார்மீது அவர் சாற்றிய குற்றங்கள் நான்கு. பழகிய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றினர். சபையாரைச் சாதி வேறுபாடின்றி ஒன்றாகக் கலக்க வற்புறுத்தினர். விழாக்களில் மலரை விலக்கினர். தமிழ் இசைப்பாடல்களைத் தடுத்தனர் என்பன அவை. இந்நான்கும் ஒரே பட்டியலில் ஒரே சினத்தோடு அடுக்கப்பட்டுள்ளமையை யாம் நெடிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலரை எடுத்துக்கொள்வோம். மேனாட்டுக் குருவுக்கு மாலை என்பது புறச்சமயக் கோயிலின் அடையாளம்; ஆகவே சோதனை. தமிழ்மகளுக்கோ அஃது அன்னதன்று. நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் போருக்கும் பூவின் பெயரிட்டு அழைத்த மொழி தமிழ். பூவிழந்தவள் என்றால் கைம்பெண் என்பது பொருள். மணமகளின் கூந்தலில் பூவை விலக்குவது, அவளை மணநாளிலேயே கைம்பெண் கோலத்தில் நிறுத்துவதாகும். இசையும் அத்தகையதே. இராகமும் தாளமும் தேவாரத்துக்கும் உரியன, தாலாட்டுக்கும் உரியன. இவ்விரண்டிலும் சாத்திரியார் பக்கமே நேர்மை இருந்தது என்பதைக் காலமே காட்டியது. அமெரிக்க மதுரை மிசனைச் சார்ந்த எட்வர்டு வெபு 1853-இல் தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டபோது, அதில் பெரும்பங்கு பெற்றவை சாத்திரியாரின் பாடல்களே. அவர் வாழ்நாளிலேயே, ஒரு சாரார் தடுத்ததை மற்றொரு சாரார் அச்சிட்டு வழங்கினர்.

ஆயின், அதே பட்டியலில் சாதியும் நிற்கின்றது. வேளாளர் தனியே அமர்தலும், திருவிருந்துக் கிண்ணத்தைப் பொதுவாகப் பருக மறுத்தலும், மலர் போலவும் இசை போலவும் நாட்டு வழக்கங்களே; சமயத்துக்குப் புறம்பானவை; ஆகவே குற்றமற்றவை என்பது பழஞ்சபையாரின் வாதம். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே முற்றாக ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு நீங்கினர். இரு திறத்தாரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பது எம் துணிபு. குருமார் சாதியைக் கண்டிக்கும் வேகத்தில் பூவையும் கண்டித்தனர். சாத்திரியார் பூவைக் காக்கும் வேகத்தில் சாதியையும் காத்தார். நாட்டு வழக்கம் என்னும் ஒரே பெட்டியில் இரண்டையும் இட்டு, ஒருவர் பெட்டியோடு எரிக்கவும் மற்றவர் பெட்டியோடு காக்கவும் முயன்றனர்.

பிரித்தறியும் அளவுகோல் அவர்கள் கைக்கெட்டாத இடத்தில் இருந்ததில்லை. சிலைக்குப் படைத்த உணவை உண்ணலாமோ என்னும் வினா கொரிந்து நகரத்துச் சபையில் எழுந்தபோது பவுலடியார் உணவின் இயல்பை ஆராயவில்லை. அவ்வுணவு உடன்பிறப்பின் உள்ளத்தை ஊறு செய்யுமோ என்றே கேட்டார். உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் 14-ஆம் அதிகாரமும் இதனையே பேசுகின்றது. வெஃகாமையில் வள்ளுவர் சிற்றின்பம் என்ற சொல்லை ஆண்டதும் இவ்வளவுகோலை வைத்தே. பூச்சூடும் மகளால் எவர்க்கும் இழப்பில்லை. பாடுவோனால் எவர் பொருளும் குறைவதில்லை. கிண்ணத்தை விலக்குபவனோ, தன்னோடு மண்டியிட்டவனின் மதிப்பைப் பறித்தே தன் உயர்வைப் பெறுகின்றான். தன் குலம் உயர்ந்தது என்றெண்ணித் தனியே அமர்வதில் ஓரின்பம் உண்டு. அவ்வின்பத்தை எவரும் இன்பம் என்று பெயரிட்டு அழைக்காமையாலேயே அது கண்டனத்துக்குத் தப்பியது. ஒழுக்கம், மானம், முன்னோர் வழக்கு என்னும் பெயர்களில் அது வாழ்ந்தது. வள்ளுவர் கொண்ட பொருளில் சிற்றின்பம் என்னும் பெயர் அதற்கே முற்றும் பொருந்தும். உடலை நோக்கியே கண் வைத்திருந்த பிற்காலப் பொருள்கோள், பிறனை நோக்கிய பழம்பொருளை மறைத்ததனால் விளைந்த தீங்கு இது.

சாத்திரியாரின் கீர்த்தனைகள் இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் இராகத்தோடு பாடப்பெறுகின்றன. மணமக்கள் மாலை சூடியே பீடத்தின் முன் நிற்கின்றனர். அதனைச் சோதனை என்று கூறும் குருமார் அரியர். அதே மணமக்களின் முன்னோர் உறங்கும் கல்லறைத் தோட்டங்களுள் சிலவற்றிலோ, சாதிக்கொரு பகுதி இன்னும் பிரிந்தே கிடக்கின்றது.